தூங்கிவிட்டதாக ஒரு வரி

அப்பாவும் நானும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, படகு எஞ்சினுக்கு வால்வு தேய்த்தது. 1937, செப்டம்பர், ஞாயிற்றுக்கிழமை, சாக்கை படகுத்துறை. அவர் தேய்ப்புப் பசையைத் தடவினார். நான் திருகித் தேய்த்தேன்.

"போதும் மக்கா. ரொம்பத் தேய்ச்சா வால்வு உக்காருற சீட்டு குழியாயிரும்."

அப்பா கோமதிநாயகம், பூதப்பாண்டிக்காரர். கொல்லம் போகும் பயணிகள் மோட்டார்படகில் பதினோரு வருஷம் டிரைவர். டிரைவருக்கு இடம் தளத்துக்குக் கீழே, எஞ்சின் குழியில். வெளியே ஒன்றும் தெரியாது. மேலே சுக்கான் பிடிக்கும் ஸ்ராங்கு அடிக்கும் மணியைக் கேட்டுத்தான் எஞ்சினை ஓட்டுவதும் நிறுத்துவதும்.

முதல் ஆறு வருஷம் மானேஜர் நெல்லையப்பன். புறப்படுமுன் குழிக்குள் தலையை நீட்டுவார். "என்ன வே, உம்ம மிஷின் பொஞ்சாதி இன்னைக்கும் இருமுதாளா?"

"நேத்து இருமுனா சார். உங்க சத்தம் கேட்டதும் அடங்கிட்டா."

கால்வாய் குன்றைக் குடைந்து போகும் வர்க்கலைச் சுரங்கத்துக்குள் நுழையுமுன், புகை வெளியேறக் குழியின் மூடியைத் திறந்துவைப்பது அவர் வைத்த வழக்கம். அந்நாட்களில் அப்பா லீவு எடுத்து நான் பார்த்ததில்லை.

பிறகு ஆறுமுகநயினார் வந்தார். அந்தப் பெயரை எழுதவே கை கூசுகிறது. எஞ்சின் அதே, சம்பளம் அதே. அவர் ஒருநாளும் குழியை எட்டிப் பார்க்கவில்லை. அப்பாவுக்கு அவர் வைத்த பெயர் 'கீழே கிடக்கவன்'. சுரங்கத்தில் முதல் வகுப்புக்காரர்களுக்குப் புகை நாறுகிறதாம். மூடியை மூடச் சொன்னார். ஞாயிறு சாயங்காலமே அப்பாவின் முகம் இருண்டுவிடும்.

1937 மார்ச்சில் சுரங்கத்துக்குள் அப்பா மயங்கி விழுந்தார். மணி அடித்தும் எஞ்சின் நிற்கவில்லை. படகு சுவரில் உரசியது. ஆறுமுகநயினார் ஆபீசுக்குக் கூப்பிட்டுக் காகிதத்தை நீட்டினார்.

"தூங்கிட்டேன்னு எழுதி ஒப்புப் போடும்."

"தூங்கல்ல சார். மூடி மட்டும் தெறந்திருந்தா..."

"பின்னே, நானா உம்மைச் சாய்ச்சேன்? போடும் வே. இல்லேன்னா நாளைக்கு வேற டிரைவர் உண்டு."

அப்பா போட்டார். அதன்பின் அந்த வரியை அடித்து நீக்கவைக்க வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு நினைப்பில்லை. "திருடினேன்னு எழுதியிருந்தாலும் பொறுத்திருப்பேன் மக்கா. மணி கேட்டும் தூங்கினேனாம்."

வால்வு தேய்த்த மறுநாள், விடியுமுன், மாரை அடைத்து அப்பா போய்விட்டார். நான் மின்சார நிலையத்தில் மெக்கானிக். மூடிய குழியில் புகை என்ன செய்யும் என்று தெரியும். ஆனாலும் புகைதான் கொன்றது என்று சொல்லமாட்டேன். அளந்து காட்ட என்னிடம் எதுவுமில்லை.

ஆறுமுகநயினார் மாலையோடு வந்தார். அத்தர் மணக்க என் தோளைத் தட்டி, "விசுவாசமான ஆளாக்கும்," என்றார். கிணற்றடிக்குப் போய்த் தோளைத் தேய்த்துக் கழுவினேன்.

அந்த வரியை நீக்கக் கோரும் மனுவை நான்தான் எழுதிக் கொடுத்திருந்தேன். மூடி அடைத்திருந்ததைக் கண்ட ஸ்ராங்கு சாட்சிக் கையெழுத்துப் போடச் சம்மதித்திருந்தார். திங்கட்கிழமை காலை, படகு எடுக்குமுன் வாங்கிவிடுவதாக அப்பா சொல்லியிருந்தார். காகிதம் அவர் சட்டைப் பையில் இருந்தது. 'சாட்சி' என்று நான் எழுதியதற்குக் கீழே ஒன்றுமில்லை.