ஐப்பசியில் காயாத துணிகள்

கொல்லிமலைக்கு நாங்கள் குடிவந்த வருடம், ஐப்பசியில் பன்னிரண்டு நாட்கள் ஒரு துணிகூடக் காயவில்லை. என் மனைவிக்கு இங்கே ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ் வேலை. நான் வீட்டிலிருந்தபடி மெய்ப்புத் திருத்திக்கொண்டு, எங்கள் ஏழு மாதப் பெண்ணைப் பார்த்துக்கொண்டேன். ஆலத்தூர் நாடு என்ற மலைக்கிராமத்தில், ஒரு மிளகுத் தோட்டத்துக்குள் இருந்த சிமெண்ட் வீடு அது.

முன்னறையில் நான்கு கயிறு கட்டியிருந்தேன். காலையில் ஈரமாக இருந்த துணி சாயங்காலம் இன்னும் ஈரமாக இருந்தது. ஜன்னல் இடுக்கு வழியாக மேகம் உள்ளே வந்துகொண்டே இருந்ததால் இடுக்குகளில் கோணிச் சாக்கைக் கிழித்து அடைத்தேன். மின்கம்பியில் மரம் விழுந்து கரண்டு போனதும் காற்றாடியும் நின்றது. ஈரத் துணி பட்டுப் பட்டுக் குழந்தையின் தொடை சிவந்து போயிருந்தது.

வீட்டுக்காரம்மா தோட்டத்தின் மேல்பக்கம் ஓட்டு வீட்டில் இருந்தார். அவருடைய அடுப்புக்கு மேலே தொங்கிய துணிகள் மொடமொடவென்று காய்ந்திருந்ததைப் பார்த்துத்தான் எனக்கு அந்த யோசனை வந்தது.

மறுநாள் மனைவி பஸ் ஏறியதும் இரும்புச் சட்டியில் அடுப்புக்கரியைப் பற்றவைத்தேன். புகை அடங்கித் தணலானதும் தூக்கி வந்து கயிற்றுக்குக் கீழே வைத்தேன். சூடு வெளியே போகாதபடி கதவைச் சாத்தினேன். சிறிது நேரத்தில் துணிகளிலிருந்து ஆவி எழுந்தது. புகையும் இல்லை, நெடியும் இல்லை. குழந்தை பால் குடித்துவிட்டுப் பாயில் தூங்கினாள். இத்தனை நாள் ஏன் இதைச் செய்யவில்லை என்று என்னையே நொந்துகொண்டு வேலையில் உட்கார்ந்தேன்.

தலை வலித்தது. கண்ணாடியை மாற்ற வேண்டும் என்று நினைத்தேன். பதினொரு மணிக்குப் பாலுக்கு அழுபவள் அன்று அழவில்லை. கன்னம் நன்றாகச் சிவந்து, பார்க்க அழகாக இருந்தாள். தூங்கட்டும், இன்னும் நான்கு பக்கம் முடித்துவிடலாம் என்று சந்தோஷப்பட்டேன். ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன். அது எனக்கு விசித்திரமாகத் தோன்றவில்லை.

கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. எழ வேண்டும் என்று தெரிந்தது, ஆனால் கால் என்னுடையதாக இல்லை. வீட்டுக்காரம்மா தள்ளித் திறந்துகொண்டு வந்தார். கையில் மரவள்ளிக் கிழங்கு. சட்டியைப் பார்த்ததும் கிழங்கைக் கீழே போட்டார்.

“ஏனுங்க, கரியப் போட்டுட்டு கதவச் சாத்திக்குவாங்களா? எங்க ஊட்டுல அந்த வெசக் காத்து ஓட்டுச் சந்துல போயிருமுங்க. இது சிமெண்ட் ஊடு. புள்ள எங்கீங்க?”

பதிலுக்குக் காத்திராமல் குழந்தையை வாரிக்கொண்டு மழைக்குள் ஓடினார். நான் வாசல்வரை தவழ்ந்து போய் வாந்தி எடுத்தேன். “கண்ணு, சாமி, அழு சாமி” என்று அவர் குழந்தையின் உள்ளங்காலைத் தட்டிக்கொண்டிருந்தார். முகத்தில் மழை விழுந்தும் அவள் கண்ணைத் திறக்கவில்லை. பிறகு பூனைக்குட்டி போல ஒரு சத்தம் வந்தது. அழுகை என்று சொல்ல முடியாது.

வாழைத்தார் ஏற்றி வந்த வேனை நிறுத்தி எங்களைச் சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போனார். என் மனைவிதான் ஆக்சிஜன் குழாயைப் பொருத்தினாள். என்னைத் திரும்பிப் பார்க்காமல் கேட்டாள்.

“எவ்வளவு நேரம் அந்த ரூம்ல இருந்தா?”

“கால் மணி நேரம் இருக்கும்.”

“டாக்டர்கிட்டச் சொல்லணும். சரியாச் சொல்லுங்க.”

“ரெண்டு மணி நேரம்,” என்றேன். “நல்லாத் தூங்கறாளேன்னு விட்டுட்டேன்.”

அவள் அதை ஒரு சீட்டில் எழுதிக்கொண்டாள். ஆம்புலன்ஸ் நாமக்கல்லுக்கு இறங்கியது. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் குழந்தையின் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. நான் அவள் மார்பு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். இப்போது அவள் பள்ளிக்கூடம் போகிறாள், நன்றாகப் படிக்கிறாள். மனைவி அன்றைய தினத்தைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தையும் பேசியதில்லை. ஆனால் மழைக்காலத்தில் பிரசவித்த பெண்களைப் பார்க்கப் போகும்போது, மற்ற கேள்விகளோடு இன்னொன்றையும் கேட்கிறாளாம்: துணி காய வைக்கக் கரி போடுகிறீர்களா, கதவைத் திறந்து வைக்கிறீர்களா என்று. ஏன் கேட்கிறீர்கள் என்று ஒருத்தி விசாரித்தபோது, தெரிந்த வீட்டில் ஒரு குழந்தைக்கு இப்படி ஆனது என்று மட்டும் சொன்னாளாம்.