அழுத்தாத பந்து

கை அசைய மூளை எப்படிக் கட்டளையிடுகிறது என்பதுதான் என் ஆராய்ச்சி. அதற்காகக் கும்மிடிப்பூண்டி இரும்பு ஆலையில் வேலை செய்யும் ஏழுமலையை ஸ்கேன் மெஷினுக்குள் படுக்க வைத்தேன்.

"வலது கை விரலை மட்டும் அசைங்க. தலை ஆடக்கூடாது. முடியலைன்னா இடது கையில இருக்கிற ரப்பர் பந்தை அழுத்துங்க, நிறுத்திடுறேன்" என்றேன்.

நாற்பது நிமிடம் அவர் தலை இம்மியும் ஆடவில்லை. அவ்வளவு துல்லியமான படம் எனக்கு அதுவரை கிடைத்ததில்லை. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான் சந்தோஷமாக டீ குடித்தேன்.

வெளியே வந்தபோது அவர் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. காதோரம் கண்ணீர் காய்ந்திருந்தது.

"உள்ள போனதுமே மூச்சு முட்டிச்சு மேடம். செத்துடுவேன்னு நெனச்சிக்கினு கெடந்தேன்."

"பந்தை அழுத்தியிருக்கலாமே?"

"கம்பெனில மெஷினை நிறுத்துற பட்டனைத் தொட்டா, எவன் தொட்டான்னு கேப்பாங்க. மறுநாள் வேலை இருக்காது. அதான் கை வரல."

அந்தப் படத்தை நான் தூக்கிப் போட்டிருக்க வேண்டும். போடவில்லை. என் ஆய்வேட்டின் முதல் படமே அதுதான்.

"ஆளை எப்படி இவ்வளவு அசையாம படுக்க வெச்சீங்க?" என்று பார்க்கிறவர்கள் எல்லாரும் கேட்கிறார்கள். நானும் சிரித்து வைக்கிறேன்.