ரேடியேட்டர் மேல் இரண்டு கூடை மல்லிகை

போன திங்கட்கிழமை காலை ஒன்பது இருபது. வில்லாபுரத்துக்குக் கொஞ்சம் முன்னால், நடு ரோட்டில் என் கார் நிற்கிறது. பானட்டுக்குள்ளிருந்து குபுகுபுவென்று ஆவி. பின் சீட்டில் கல்யாணப் பெண்! பத்து மணிக்கு மாதா கோயிலில் கல்யாண மந்திரிப்பு. பதினொரு மணிக்கு அதே கோயிலில் வேறொரு ஜோடி காத்திருக்கிறது. ஃபாதர் கண்டிப்பானவர். பத்து என்றால் பத்துதான்.

என் காரைப் பற்றி இந்தப் பக்கத்தில் நான் புலம்பாத மாதம் கிடையாது. புதிதாகப் படிப்பவர்களுக்காக இரண்டு வார்த்தை... வெளிநாட்டு வண்டி. கொடைக்கானல் பக்கம் எஸ்டேட் வைத்திருந்த ஒரு துரை விட்டுப்போனது. மூன்று கை மாறி, நாலாவதாக என் தலையில் வந்து விழுந்தது. மரத்தில் இழைத்த டாஷ்போர்டு. தோல் சீட். உட்கார்ந்தால் எழுந்திருக்க மனசு வராது. கதவைச் சாத்தினால் 'டப்' என்று கனமாக ஒரு சத்தம் வருமே — அந்தச் சத்தத்துக்கு மயங்கித்தான் வாங்கினேன்.

வாங்குவது என்ன பெரிய காரியம்? வைத்திருக்க வேண்டுமே! லிட்டருக்கு ஐந்து கிலோமீட்டர். அதுவும் இறக்கத்தில். இரண்டு கார்புரேட்டர், ஒன்றைச் சரி செய்தால் மற்றது கோபித்துக்கொள்ளும். ஒரு கேஸ்கெட் வேண்டுமென்றால் பம்பாய்க்குக் கடிதம் எழுதிவிட்டு இரண்டு மாதம் பஸ்ஸில் போகவேண்டும். டயர் அளவைச் சொன்னால் கடைக்காரர், "லாரியா சார்?" என்கிறார். டெம்பரேச்சர் மீட்டர் முள் படுத்து இரண்டு வருஷம் ஆகிறது. அவனியாபுரத்து மெக்கானிக் போன மாதம் ஒரு கடுதாசியில் செலவை எழுதி நீட்டினார். படித்துவிட்டு, பக்கத்துப் பெட்டிக்கடையில் ஒரு சோடா வாங்கிக் குடித்தேன்.

"அண்ணே, வண்டி தங்கமான வண்டி. ஆனா நம்ம ஊரு வெயிலு அதுக்குப் பழக்கமில்ல, பாத்துக்குங்க" என்றார் அவர்.

பார்த்துக்கொண்டேனா? அதுதானே கதை!

அருளப்பன் மிஷன் பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர். நானும் அவனும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். முப்பது வருஷமாக 'மாப்ள' என்றுதான் பேச்சு. சைக்கிளைத் தவிர வேறு வாகனம் வைத்திருக்காதவன். ஒரே மகள் ஸ்டெல்லாவுக்குக் கல்யாணம் நிச்சயமானதும் நேராக என் வீட்டுக்கு வந்தான். வாயைத் திறந்து எதையும் கேட்டுப் பழக்கமில்லாத மனிதன்; காபியை ஆறவைத்துவிட்டுத்தான் கேட்டான்.

"மாப்ள, ஒரே ஒரு ஆசைடா. எம்புள்ள ஒன் கார்ல வந்து கோயில் வாசல்ல எறங்கணும். அம்புட்டுதான். வேற எதுக்கும் நான் ஆசப்படல."

இதற்கு மேல் என்ன வேண்டும்? காரைத் தேய்த்து, கழுவி, மெழுகு போட்டு, திங்கட்கிழமை காலையில் அவனியாபுரத்தில் அவன் வீட்டு வாசலில் நிறுத்தினேன். பெண்ணின் தாய்மாமன் பூ மார்க்கெட்டிலிருந்து இரண்டு கூடை மல்லிகை கொண்டுவந்திருந்தார். நம்ம ஊர்க்காரர்களுக்குப் பூ விஷயத்தில் கை அடங்குமா? சரம் சரமாகத் தொங்கவிட்டார். நான் அதோடு விட்டேனா?

"வண்டி மூக்கு பளபளன்னு தெரியுது பாருங்க. அதையும் மூடுங்கண்ணே. ஒரு எடம் தெரியப்படாது!" என்று கட்டளை வேறு போட்டேன்.

முன்பக்கத்து வெள்ளிக் கம்பிகள் முழுக்க மல்லிகை மெத்தை. பார்த்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். நானே பிளந்தேன்.

பேண்ட் செட் முன்னால் நடக்க, பின்னால் கார் ஊர்ந்தது. தெருவில் வீட்டுக்கு வீடு நிறுத்தி, பன்னீர் தெளித்து, பெண்ணின் கன்னத்தைத் தொட்டு முத்தம் வைத்து... முதல் கியரிலேயே அரை மணி நேரம்! மே மாத வெயில். மெயின் ரோட்டுக்கு வந்து வேகம் எடுத்த இரண்டாவது நிமிஷம், ஆவி கிளம்பிவிட்டது.

வேறு யாரும் கூட இல்லை. மற்றவர்கள் எல்லாம் வேனில் முன்னாலேயே போய்விட்டார்கள். காரில் நான், அருளப்பன், ஸ்டெல்லா. அவ்வளவுதான்.

ஒரு ஆட்டோக்காரர் தானாக வந்து நின்றார். "கல்யாணப் பொண்ணா? ஏறுங்க சார், பத்து நிமிசத்துல விட்டுர்றேன்."

அருளப்பன் என்னைப் பார்க்கவில்லை. காரையும் பார்க்கவில்லை. கோட்டுப் பொத்தானைத் திருகிக்கொண்டே, "ஆட்டோவுல போயிருவோம் தாயி. கோயிலுக்குப் போறதுதான முக்கியம்" என்றான். எனக்கு அங்கேயே உட்கார்ந்து அழலாம் போலிருந்தது.

ஸ்டெல்லா அப்பாவின் முகத்தை ஒரு தரம் பார்த்தாள். பிறகு கதவைத் திறந்து இறங்கினாள். வெள்ளைப் பட்டு, தலையில் நெட், கையில் பூச்செண்டு. ரோடே நின்று பார்க்கிறது! நான் பதற்றத்தில் பானட்டைத் தூக்கி, கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியைத் திறக்கப்போனேன்.

"தொடாதீங்க மாமா! மூஞ்சி வெந்துரும்!"

வகுப்பில் கடைசி பெஞ்சுப் பையனை அதட்டுகிற குரல். கையை எடுத்துவிட்டேன். சொல்ல மறந்துவிட்டேனே — ஸ்டெல்லா பெண்கள் பள்ளிக்கூடத்தில் பிசிக்ஸ் டீச்சர்.

பூச்செண்டை அப்பாவிடம் கொடுத்தாள். காரின் முன்னால் போனாள். அந்த மல்லிகை மெத்தையைக் கொத்தாகப் பிடித்து இழுத்தாள். "காத்து எப்படி மாமா உள்ள போகும்? மூக்கையும் வாயையும் பொத்திட்டு நடன்னா யாரு நடப்பா?"

மனுஷன் எங்கே முகத்தை வைத்துக்கொள்வது?

ஆட்டோக்காரரைப் பார்த்து, "அண்ணே, டீக்கடையில ஒரு கொடம் தண்ணி வாங்கித் தாரீங்களா?" என்றாள். அவரும் சவாரியை மறந்துவிட்டு ஓடினார். அப்பாவிடம் சொன்னாள்: "பதினஞ்சு நிமிசம் குடுங்கப்பா. நான் கார்லதான் வருவேன்."

பதினைந்து நிமிஷம்! வாழ்க்கையில் அவ்வளவு நீளமான கால் மணி நேரத்தை நான் பார்த்ததில்லை. ஆவி அடங்கியது. மூடியைத் திறக்கச் சொன்னாள். என்ஜினை ஓடவிட்டு, தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றச் சொன்னாள். சொன்னபடி செய்தேன். மணி ஒன்பது நாற்பத்தைந்து. மூன்று பேரும் ஏறினோம்.

"மாமா, இதுல ஹீட்டர் இருக்கா?"

"இருக்கு தாயி. துரை கொடைக்கானல்ல போட்டுக்கிட்டு இருந்திருப்பாரு. மதுரையில யாராச்சும் ஹீட்டர் போடுவாகளா?"

"போடுங்க. முழுசா போடுங்க. என்ஜின் சூட்டை அது உள்ள இழுத்துக்கும். வேகுறது நாம வேகுவோம், வண்டி தப்பிச்சுக்கும்."

போட்டேன். அடேயப்பா! வெளியே மே மாதம், உள்ளே அடுப்படி. ஜன்னலைத் திறந்தால் அனல், மூடினால் அதைவிட அனல். அருளப்பன் கோட்டுக்குள் தொப்பலாக நனைந்துவிட்டான். ஸ்டெல்லா முகத்தில் பூசிய பவுடர் வழிந்து கழுத்துக்கு வந்தது. ஒரு வார்த்தை முணுமுணுக்கவேண்டுமே... ஊஹூம். என்ஜின் மட்டும் பூனைக்குட்டி போலச் சீராக உறுமிக்கொண்டு ஓடியது.

மூன்று வருஷமாக நான் அந்தக் காருக்குச் சொந்தக்காரன். அவள் ஏறி ஒரு மணி நேரம்தான் ஆகியிருந்தது. செலவு செய்கிறவனுக்கு எல்லாம் தெரியும் என்று யார் சொன்னது?

ஒன்பது ஐம்பத்தெட்டு. கோயில் வாசல். கூட்டம் திரும்பிப் பார்த்தது. முன்பக்கம் பூ இல்லாத கார்தான். வெள்ளிக் கம்பிகள் வெயிலில் தகதகத்தன. அருளப்பன் முதலில் இறங்கினான். சுற்றி வந்து மகளுக்குக் கதவைத் திறந்துவிட்டான். இறங்கியதும், தானே 'டப்' என்று சாத்தினான். அந்த ஒரு நிமிஷம் அவன் நின்ற நிற்பை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். கை தட்டவேண்டும் போலிருந்தது எனக்கு.

அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு இரண்டு அடி நடந்தவள், திரும்பி வந்து என் ஜன்னலில் குனிந்தாள். ஆசீர்வாதம் வாங்கத்தான் என்று நினைத்துக் கையை உயர்த்தினேன்.

"மாமா, ஒடனே ஆஃப் பண்ணிறாதீங்க. அஞ்சு நிமிசம் ஓடட்டும், சூடு மெதுவா எறங்கட்டும். ஹீட்டரும்தான்."

கோயில் மணி அடித்தது. கூட்டம் முழுவதும் உள்ளே போய்விட்டது. நான் மட்டும் நடு வெயிலில், ஹீட்டரைப் போட்டுக்கொண்டு, வாட்சைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்...

டீச்சர் சொன்ன பிறகு, நாலாவது நிமிஷத்தில் எழுந்து வர யாருக்குத் தைரியம் வரும்?