பட்லர் காப்பி

மர்பி டவுனில் பிரிஜெட் வாழ்க்கைப்பட்ட வீட்டில் காப்பி என்றால் பித்தளை ஃபில்டர்தான். கணவனின் அக்கா பெர்னதெத் அதைப் புளி போட்டுத் துலக்கி, பொடியை அமுக்கி, வெந்நீர் ஊற்றி மூடுவாள். டிகாஷன் சொட்டுச் சொட்டாக இறங்குவதற்குள் ஒரு ஜெபமாலை சொல்லி முடித்துவிடலாம். கறுப்பாக, கெட்டியாக இருக்கும். பால் சேர்த்துக் குடித்தால் ருசி நாக்கிலேயே நிற்கும். பிரிஜெட்டே அதை ஒப்புக்கொள்வாள்.

அவள் பிறந்த வீட்டு வழி வேறு. அப்பா மதலைமுத்து, ராணுவ அதிகாரி ஒருவரின் பங்களாவில் பட்லர். எனாமல் கூஜாவில் தண்ணீர் தளதளக்கும்போது பொடியைக் கொட்டுவார். ஒரு கொதி வந்ததும் இறக்கி, நொறுக்கிய முட்டை ஓட்டையும் ஒரு கை பச்சைத் தண்ணீரையும் போடுவார். மண்டி அடியில் படிந்துவிடும். மேலே தேன் நிறத்தில் தெளிந்து நிற்கும். லேசான காப்பிதான், வாசனை மட்டும் தெருமுனை வரை போகும்.

பெர்னதெத் அதற்கு வைத்த பெயர் பட்லர் காப்பி. ஆபீஸ் உத்தியோகக் குடும்பம் அவர்களுடையது. மதலைமுத்து எப்போது வந்தாலும் பின்வாசல் படியில்தான் டம்ளர் வைப்பாள். "பங்களாவுல அவருக்கு அதுதானே பழக்கம்!"

1936இல், தபசுகாலத்து வெள்ளிக்கிழமை ஒன்று; அந்த வீட்டில் கறியும் முட்டையும் தொடாத நோன்பு நாள். அதிகாரி சீமைக்குக் கப்பலேறிவிட, வேலை போன மதலைமுத்து மகளைப் பார்க்க வருவதாகச் சொல்லியனுப்பியிருந்தார். இன்று அப்பா முன்வாசலில் வர வேண்டும், தன் காப்பியையே குடிக்க வேண்டும் என்று பிரிஜெட் முடிவு செய்துவிட்டாள். கூஜாவை அடுப்பில் வைத்தாள். பெர்னதெத் முட்டை ஓட்டைப் பார்த்துவிட்டாள்.

"ஐயையோ, தபசுகாலத்துல முட்டையாடீ?"

"முட்டை இல்ல அண்ணி, ஓடு."

"எங்கேருந்து வந்துச்சு, கூரையிலேருந்தா? இந்தப் பாவம் என் அடுப்புல வேகக் கூடாது!"

"உங்க அடுப்பு வேணாம்."

பிரிஜெட் கொல்லையில் கிடந்த கரியடுப்பையும் கூஜாவையும் தூக்கிக்கொண்டு போய்த் தெருவில், முன்வாசலுக்கு நேராக வைத்து விசிறினாள். எதிர்வீட்டு ஜோசஃபின் எட்டிப் பார்த்தாள்.

"என்னா பிரிஜெட், ஓட்டல் போட்டுட்டியா?"

"போர்டு மட்டும் பாக்கிக்கா."

மதலைமுத்து வந்தார். கால் தானாகப் பின்வாசலுக்குப் போகும் பக்கச் சந்துக்குத் திரும்பியது.

"அப்பா, அங்க எங்க போறீங்க? இங்க உக்காருங்க."

கணவன் டொமினிக்கின் நாற்காலியைத் தெருவிலேயே போட்டாள். அவர் தயங்கினார். அவள் அவர் தோளை அழுத்தி உட்கார வைத்து, காப்பி டம்ளரைக் கையில் கொடுத்தாள். ஆபீசுக்குக் கிளம்பி வெளியே வந்த டொமினிக் நாற்காலியைப் பார்த்தான், மாமனாரைப் பார்த்தான், தானும் ஒரு டம்ளர் வாங்கி நின்றபடியே குடித்தான்.

"அக்கா ஃபில்டர்தான் திடம்."

வாசலில் நின்ற பெர்னதெத் நிமிர்ந்தாள்.

"ஆனா இதுல இன்னொரு டம்ளர் ஊத்து" என்றான் அவன். ஜோசஃபின் கொல்லென்று சிரித்தாள்.

"போதும்டீ, தெருவே வேடிக்கை பாக்குது. உள்ள வா" என்றாள் பெர்னதெத்.

"நான் மட்டுமா?"

பெர்னதெத் கதவைப் பார்த்துச் சொன்னாள்: "நீங்களும் வாங்க மாமா."

"எந்த வாசல் வழியா அண்ணி?"



"இப்படித்தான்" என்று பெர்னதெத் நிலைப்படியை விட்டு விலகி நின்றாள்.

மதலைமுத்து செருப்பைக் கழற்றிவிட்டு முன்வாசலில் நுழைந்தார். பிரிஜெட் கூஜாவோடு பின்னால் போனாள். கரியடுப்பை மட்டும் எடுக்கவில்லை. இன்னும் கனல் இருந்தது. தேவைப்பட்டால் இருக்கட்டும் என்று தெருவிலேயே விட்டுவிட்டாள்.