பூட்டிய பெட்டியில் வெந்த சோறு

அடையாற்றங்கரைக் குடிசைப் பகுதியில் இருந்த அந்தக் குழந்தைகள் காப்பகத்தில், சாப்பாட்டு நேரம் என்றால் சமையல் ஆயா ஜைதூன் பீயின் குரல்தான் மணி. பதினெட்டுப் பிள்ளைகளின் பெயரையும் ஒரே மூச்சில் கூப்பிடுவார். அதைக் கேட்ட பிறகுதான் பிள்ளைகள் தட்டைத் தொடும். பதினாறு வருஷம் விறகடுப்புப் புகையை விழுங்கியதன் பலன், தொண்ணூற்று நான்காம் வருஷம் "வேலு, நாகராஜ், கரீமுல்லா" என்று மூன்றாவது பெயரிலேயே இருமல் வந்து மறித்தது.

"இனிமே புகை பக்கமே போகக் கூடாது" என்று சொல்லிவிட்டார் டாக்டர். சொல்வது சுலபம். புருஷன் போன பிறகு ஜைதூன் பீக்குத் தெரிந்த ஒரே பிழைப்பு அந்த அடுப்படி.

காப்பகத்து டீச்சர் விஜயலக்ஷ்மி அபிராமபுரத்துக்காரர், சும்மா இருக்கிறவர் இல்லை. அலைந்து திரிந்து அரசு மானியத்தில் இரண்டு சூரிய அடுப்புகளை வாங்கி மொட்டை மாடியில் வைத்தார். கண்ணாடி மூடி போட்ட பெட்டி, உள்ளே கறுப்புப் பாத்திரங்கள், வெயில்தான் நெருப்பு. மூன்று மணி நேரம் திறக்கக் கூடாது என்று படித்துப் படித்துச் சொன்னார்.

ஆக்கப் பொறுத்தவருக்கு ஆறப் பொறுக்காது என்பார்கள். ஜைதூன் பீக்கோ ஆக்கவே பொறுக்கவில்லை. ஒரு பருக்கையை எடுத்து விரலால் நசுக்கிப் பார்க்காமல் அவர் என்றைக்குச் சோறாக்கினார்? கால் மணிக்கு ஒருதரம் மூடியைத் திறந்தார். சூடெல்லாம் வெளியே போயிற்று. பன்னிரண்டரைக்கு அரிசி பல்லில் நறுக்கென்றது. டீக்கடை பன்னை வாங்கிக் கொடுத்துப் பிள்ளைகளைச் சமாளித்தார்கள்.

காப்பகத்தின் செயலாளர் கல்யாணராமன் கண்டிப்பானவர். "நாளைக்கும் வேகலைன்னா பெட்டியைத் திருப்பிக் குடுத்துடுங்கோ. விறகுல சமைக்க வேற ஆளைப் பாத்துக்கலாம்" என்றார். தப்பு யாருடையது என்று ஜைதூன் பீக்குத் தெரியும். வாய்விட்டுச் சொல்லத்தான் வெட்கமாக இருந்தது.

மறுநாள் காலை அரிசியையும் பருப்பையும் பெட்டிக்குள் வைத்ததும், முந்தானை முடிச்சிலிருந்து இரண்டு பூட்டுகளை எடுத்தார்.

"டீச்சர், நேத்து நான்தான் தொறந்து தொறந்து பாத்துக்கினு இருந்தேன். என் கை சும்மா கெடக்காது. பூட்டிட்டு சாவிய நீங்களே வச்சுக்கோங்க. நான் அழுதாலும் குடுக்காதீங்க."

டீச்சர் சிரிக்காமல் பூட்டிவிட்டுச் சாவிகளை இடுப்பில் செருகிக்கொண்டார்.

பதினொரு மணிக்கு ஜைதூன் பீ கையை நீட்டினார். "தண்ணி கம்மியா கீதோ இன்னாவோ, ஒரே ஒரு தபா..."

"ஊஹூம்" என்றார் டீச்சர். அந்த நேரம் பார்த்துச் சூரியனை ஒரு மேகம் மறைத்தது. நல்லவேளை, மேகம் நகர்ந்துவிட்டது.

பன்னிரண்டரைக்குப் பூட்டைத் திறந்தார்கள். ஆவி முகத்தில் அடித்தது. பருக்கையை எடுத்து நசுக்கினார், குழைந்தது. கல்யாணராமனும் ஒரு வாய் சாப்பிட்டுப் பார்த்தார். வேறு ஆள் என்ற பேச்சை அதன் பிறகு அவர் எடுக்கவேயில்லை.

மழைக்காலத்தில் மட்டும் கீழே மண்ணெண்ணெய் ஸ்டவ். அதை டீச்சரே பற்றவைத்து, ஜைதூன் பீயை வாசலுக்கு அனுப்பிவிடுவார். அந்தப் புண்ணியவதியை நினைத்தாலே ஜைதூன் பீக்குக் கண் கலங்கும்.

அடுத்த வருஷம் அக்னி நட்சத்திரம். ஊரே வெயிலைத் திட்டிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், கரண்டியோடு நின்று கூப்பிட்டார். வேலு, நாகராஜ், கரீமுல்லா... மூன்றாவது பெயர் தாண்டியது. பத்தாவதும் தாண்டியது. பதினெட்டாவது பெயருக்கு உரிய அன்புக்கரசி தட்டோடு ஓடிவந்தபோதும் இருமல் வரவில்லை. அவர் அப்படியே படியில் உட்கார்ந்து அழுதார்.

"அல்லா இந்த வெயிலக் குடுத்தான், நீங்க பொட்டியக் குடுத்தீங்க."

டீச்சர் இடுப்பிலிருந்த சாவிகளை எடுத்து நீட்டினார். "இனிமே சாவியை நீங்களே வச்சுக்கலாமே" என்றார்.

ஜைதூன் பீ கண்ணைத் துடைத்துக்கொண்டு அவசரமாக மறுத்துத் தலையாட்டினார்.

"அய்யோ, அது மட்டும் வாணாம் டீச்சர்!"