மடகஸ்காரில் அவள் சாப்பிட்டது

மடகஸ்காரில் ஒரு தையல் தொழிற்சாலையில் நானும் அவளும் ஒன்றாக வேலை செய்தோம். நான் துணுக்காய்ப் பக்கம். மலையகத்திலிருந்து வந்து காடு வெட்டிக் குடியேறிய குடும்பம். அவளுக்கு ஊர் தண்ணீரூற்று. மூன்று வருட ஒப்பந்தத்தில் போன எங்கள் இருவருக்கும் விடுதியில் ஒரே அறை கிடைத்தது. இரண்டாம் வருடம் அவள் காய்ச்சலில் இறந்துபோனாள். உடலைக் கொண்டுவர வழி கிடைக்காமல் அங்கேயே புதைத்தோம். ஒப்பந்தம் முடிந்து நான் ஊர் திரும்பிய மூன்றாம் நாள் அவளுடைய அம்மா தொலைபேசியில் அழைத்தார்.

“பிள்ளை, ஒருக்கா வந்திட்டுப் போறியே?”

போனேன். அவளுடைய உடுப்புகளைக் கொடுத்தேன். அம்மா அவற்றைப் பிரித்துப் பார்க்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டு என்னிடம் கேட்டார்.

“செத்த எட்டாம் நாள் செலவுக்கு அவளுக்குப் பிடிச்சதெண்டு கணவாய்க் கறியும் முட்டைப் பொரியலும் படைச்சனான். அது இஞ்ச இருந்த பிள்ளைக்குப் பிடிச்சது. அங்க என்ன விரும்பிச் சாப்பிட்டவள்?”

வீட்டுக்குக் கதைக்கும்போதெல்லாம் அவள் “சோறும் பருப்பும்தான் அம்மா” என்று சொல்வதைப் பக்கத்துக் கட்டிலில் இருந்து கேட்டிருக்கிறேன்.

“சொல்லு பிள்ளை.”

“மாட்டிறைச்சி, அம்மா.”

அவர் கண்ணை மூடித் திறந்தார். நெற்றியில் காலையில் பூசிய திருநீறு கலையாமல் இருந்தது. நான் நிறுத்த முடியாமல் எல்லாவற்றையும் சொன்னேன். தைத்த துணிகளைச் சோதிக்க வந்த ஒரு ஜப்பான்காரி எங்கள் விடுதியிலேயே தங்கியிருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் மேசை நடுவில் சின்ன அடுப்பை வைத்து, இறைச்சியைத் தாள்போல மெல்லிசாக வெட்டி, சோயா சோஸும் சீனியும் விட்டுக் கொதிக்கும் சட்டியில் போடுவார். எல்லோரும் சுற்றியிருந்து வேக வேக எடுத்துச் சாப்பிட வேண்டும். விடுதியில் சமைத்த மடகஸ்கார்க்காரிக்கு அந்த இனிப்புப் பிடிக்காது. அவர் அதே சட்டியில் இஞ்சியும் உள்ளியும் தக்காளியும் போட்டு, நாக்கை விறைக்கவைக்கும் ஒரு கீரையையும் கிள்ளிப் போடுவார். முதல் மாதம் அவள் சட்டியில் கிடந்த கோவா இலைகளை மட்டும் பொறுக்கித் தின்றாள். பிறகு ஒருநாள் இறைச்சியை எடுத்தாள். அதன் பிறகு ஞாயிறு எப்போது வரும் என்று இருந்தாள்.

“வாற ஞாயிறு வந்து எனக்கு அதைச் சமைச்சுத் தா” என்றார் அம்மா.

வாசலில் நின்ற அவளுடைய அண்ணா அதைக் கேட்டுவிட்டார். “உங்களுக்கென்ன விசரே? இந்த வீட்டில மாட்டிறைச்சியோ?”

“குசினிக்க வேண்டாம். பின்வளவில மூண்டு கல்லு வைப்பம்” என்றார் அம்மா. குரலை உயர்த்தவில்லை.

அந்தக் கீரை எங்கள் வயல் வாய்க்காலிலும் முளைக்கும். மஞ்சள் குமிழாகப் பூக்கும். பல்வலி வந்தால் பூவை மெல்லுவோம். ஞாயிறு விடிய அதைப் பிடுங்கி ஈரத்துணியில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினேன். வழியில் இறைச்சிக் கடையில் எலும்பில்லாத துண்டாகக் கேட்டேன். “கறிக்குத்தானே, வெட்டித் தாறன்” என்றார் கடைக்காரர். வேண்டாம் என்று முழுதாகவே வாங்கினேன். அந்த ஜப்பான்காரி இறைச்சியைப் பாதி உறையவைத்து வெட்டுவார். இங்கே அதற்கு வழியில்லை. எவ்வளவு கூரான கத்தி என்றாலும் பச்சை இறைச்சி வழுக்கியது. துண்டுகள் தடிப்பாகவே விழுந்தன.

அண்ணா மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அம்மா ஒரு பிளாஸ்டிக் கதிரையைப் பின்வளவுக்குக் கொண்டுவந்து அதில் மகளின் படத்தைச் சாத்திவைத்தார். தான் மண்ணில் இருந்தார்.

சட்டியில் கொழுப்பை உருக்கி இஞ்சியையும் உள்ளியையும் வதக்கினேன். சீனி, சோயா சோஸ், தக்காளி, தண்ணீர். கொதித்ததும் லீக்ஸ், கோவா, இறைச்சி. கடைசியாகக் கீரை. மணம் எழுந்தபோது அம்மா சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்தினார். சிறிது நேரத்தில் தானாகவே தலைப்பை எடுத்தார்.

முதல் கோப்பையைப் படத்துக்கு முன்னால் வைத்துக் கற்பூரம் கொளுத்தினார். பிறகு தனக்கும் ஒன்று வாங்கிக்கொண்டார். முதல் துண்டை வாயில் வைத்து வெகுநேரம் மென்றார். தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“நாக்கு விறைக்குது” என்றார்.

“கீரை அம்மா. கொஞ்ச நேரத்தில சரிவரும்.”

இன்னொரு துண்டு எடுத்தார். பிறகு நான் பயந்துகொண்டிருந்த கேள்வியைக் கேட்டார். “கடைசியா இதை எப்ப சாப்பிட்டவள்?”

பொய் சொல்லியிருக்கலாம். ஊருக்கு வரும் வழியெல்லாம் ஒரு பொய்யைத் தயாராக வைத்திருந்தேன். அந்தக் கோப்பையோடு அவர் மண்ணில் இருந்த இருப்பைப் பார்த்ததும் அது வாயில் வரவில்லை.

“கடைசி ஞாயிறு கேட்டவள் அம்மா. காய்ச்சலோட ஆசுப்பத்திரியில இருந்தவள். அந்தச் சட்டித் தண்ணியாவது கொஞ்சம் கொண்டுவாடி எண்டவள். நானும் ஓமெண்டனான். அண்டைக்கு மேலதிக வேலை எண்டு சொல்லிச்சினம். மாட்டன் எண்டு சொல்லியிருக்கலாம். நான் சொல்லேல்லை. அடுத்த நாள் போய்ச் சாப்பாடு குடுப்பம் எண்டு நினைச்சன். விடிய முந்தியே...”

“அப்ப பக்கத்தில ஒருத்தரும் இல்லை.”

“இல்லை அம்மா.”

“நீதான் கையைப் பிடிச்சுக்கொண்டிருந்தனீ எண்டு போனில சொன்னனீ.”

“ஓம். பொய் சொன்னனான்.”

அம்மா கோப்பையில் இருந்ததை ஒரு துண்டு விடாமல் சாப்பிட்டு முடித்தார். கிணற்றடிக்குப் போய்த் தலையில் தண்ணீர் வார்த்தார். வாளி விழுந்து எழும் சத்தம் நெடுநேரம் கேட்டது. ஈரச் சேலையோடு திரும்பி வந்து படத்தை எடுத்துக்கொண்டார்.

“போயிட்டு வா பிள்ளை. இனி இஞ்ச வராத.”

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மிஞ்சியதை என்ன செய்வது என்று தெரியாமல் அடுப்புக்கு முன்னால் நின்றேன். மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. அண்ணா வந்து சட்டியைப் பார்த்தார், சாத்திய கதவைப் பார்த்தார். மண்வெட்டியை எடுத்து வேலியோரம் கிடங்கு வெட்டினார். நான் சட்டியை அதற்குள் கவிழ்த்தேன். மண்ணை மூடி மிதித்துக்கொண்டே தலை நிமிராமல் கேட்டார்.

“அவள் அங்க சந்தோசமா இருந்தவளே?”

“ஞாயிறுகளில இருந்தவள்” என்றேன்.

பஸ் தரிப்பிடம் வரை அவரே கொண்டுபோய் விட்டார். அதன் பிறகு நான் அந்த வீட்டுக்குப் போகவில்லை. அம்மாவுக்கு மூன்று முறை அழைத்தேன், எடுக்கவில்லை. நான்காம் முறை எண் வேலை செய்யவில்லை. இப்போது கிளிநொச்சியில் ஒரு தையல் கடையில் பள்ளிக்கூட உடுப்புகள் தைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு வரச் சொன்னால் மாட்டேன் என்று சொல்லிவிடுகிறேன். முதலாளி காரணம் கேட்பார். நான் அடுத்த உடுப்பை எடுத்துத் தையல் மெசினில் வைப்பேன்.