மழை பெய்த மறுநாள் கரிசலில் ஒரு கல்யாணப் பயணம்: பந்தல்குடியிலிருந்து திருச்சுழிக்கு

போன ஐப்பசியில் ஒரு வியாழக்கிழமை, மதுரையிலிருந்து திருச்சுழிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனேன். மாப்பிள்ளைக்கு அறுபத்தைந்து வயது, பொண்ணுக்கு அறுபத்திரண்டு. சிரிப்பு வந்தால் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள், அப்புறம் பேசுவோம். அறுபது தாண்டியும் ஊர் சுற்றுகிறவர்களுக்காகத்தான் இந்த வலைப்பூவை எழுதுகிறேன். எனக்கு அறுபத்தேழு. முப்பது வருஷம் அந்தப் பக்கத்துக் கிராமங்களில் நர்ஸாக இருந்தேன். தடுப்பூசிப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு நான் நடக்காத வண்டிப்பாதை அங்கே கிடையாது.

பொண்ணு ராஜாமணி என் சிநேகிதி, சத்துணவு அமைப்பாளராக இருந்தவள். கணவர் இறந்து பதினோரு வருஷம் ஆகிறது. மாப்பிள்ளை கந்தசாமி பந்தல்குடியில் உரக்கடை நடத்தியவர், அவருக்கும் மனைவி இல்லை. இரண்டு பேரும் இரண்டு வருஷம் பேசி, யோசித்து எடுத்த முடிவு இது. ராஜாமணியின் மகனுக்குப் பிடிக்கவில்லை. "அம்மாவுக்குப் புத்தி தடுமாறிருச்சு" என்று சொந்தக்காரர்களிடமெல்லாம் சொல்லித் திரிந்தான். வீட்டில் இருந்தால் தாலியை ஒளித்துவைத்துவிடுவான் என்று பயந்து, ராஜாமணி அதை என்னிடம் கொடுத்துவைத்திருந்தாள். ஆக, தாலி என் கைப்பையில். நல்ல நேரம் 10.45 முதல் 11.45 வரை. திருச்சுழியில் ஒரு சின்னப் பிள்ளையார் கோயில். பன்னிரண்டு மணிக்குப் பூசாரி நடையைச் சாத்திவிடுவார்.

காலை 6.30க்கு மாட்டுத்தாவணியில் பஸ் ஏறினேன். ஐம்பது கிலோமீட்டர், டிக்கெட் 48 ரூபாய். இடது பக்கம் உட்காராதீர்கள், முகத்தில் வெயில் அடிக்கும். காரியாபட்டியில் எதிர்ப் பக்கம் மதுரைக்கு வேலைக்குப் போகிற கூட்டம் நின்றது, எங்கள் பஸ்ஸில் காற்றுதான் ஆடியது. அருப்புக்கோட்டை வந்தபோது மணி 8.05. நான்கு இட்லி, ஒரு வடை 45 ரூபாய். மாலை இரண்டு 600. தறிச் சத்தம் கேட்கிற தெரு வழியாக நடந்து, சொல்லிவைத்திருந்த வாடகைக் காரைப் பிடித்தேன். ஒரு நாளைக்கு 1,800 ரூபாய். டிரைவருக்கு நாற்பது வயது இருக்கும். கோயம்புத்தூர்க்காரர், மனைவி ஊர் என்று இங்கே வந்து ஆறு மாதம்தான் ஆகிறதாம்.

பந்தல்குடி பன்னிரண்டு கிலோமீட்டர். பட்டு வேட்டியில் கந்தசாமி ரோட்டிலேயே நின்றிருந்தார். 9.50க்குக் கிளம்பினோம். திரும்ப அருப்புக்கோட்டை போகாமல் குறுக்கே கிராமங்கள் வழியாகப் போவதில் எனக்கும் சம்மதம்தான், அந்தத் தார் ரோடு நல்ல ரோடு. ஒன்பதாவது கிலோமீட்டரில் ஒரு பிரிவு வந்தது. தார் ரோடு சுற்றிப் போகிறது, வண்டிப்பாதை நேரே போகிறது. டிரைவர் வண்டிப்பாதையில் திருப்பினார்.

"தம்பி, நேத்துச் சாயங்காலம் மழை..." என்று ஆரம்பித்தேன்.

"மேப்புல பன்னெண்டு நிமிசம் மிச்சம்னு காட்டுதுங்க. நீங்க சும்மா உக்காருங்கம்மா, நான் பாத்துக்கறேன்."

நான் வாயை மூடிக்கொண்டேன். கந்தசாமியைத் திரும்பிப் பார்த்தேன், அவரும் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்த மண்ணில் விவசாயம் பார்த்தவர்களுக்கு முப்பத்தைந்து வருஷம் உரம் விற்ற மனிதர்! மழை பெய்த மறுநாள் கரிசல் பாதையில் மாட்டு வண்டிகூட இறங்காது என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். தெரிந்தும் ஏன் பேசவில்லை? வீட்டில் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை "உங்களுக்குத் தெரியாது, சும்மா இருங்க" என்று கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டது. தொணதொணக்கிற கிழம் என்ற பெயர் வேண்டாமே என்று தெரிந்த விஷயத்தையும் முழுங்கிவிடுகிறோம். இதை எழுதும்போதுகூட என் மேல் எனக்குக் கோபம் கோபமாக வருகிறது.

நானூறு மீட்டர்கூடப் போகவில்லை. சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே களிமண் அப்பிக்கொண்டு கார் அப்படியே நின்றுவிட்டது. டிரைவர் ஷூவோடு இறங்கினார். பத்து அடியில் ஒரு ஷூவைச் சேறு பிடுங்கிக்கொண்டது. மணி 10.15.

என் போன் அடித்தது. ராஜாமணி.

"எங்கடி இருக்கீக? மகன் காரக் கொண்டாந்து நிக்கிறான். 'அவுக வர மாட்டாக, வாம்மா வீட்டுக்கு'ன்னு கையப் பிடிச்சு இழுக்கான்."

கந்தசாமி போனை வாங்கினார். "கரிசல்ல மாட்டிக்கிட்டோம். வாரேன். நீ எந்திரிச்சிராத."

"நான் எதுக்கு எந்திரிக்கேன்? வாங்க" என்று அவள் சொன்னது எனக்கும் கேட்டது.

அவர் வேட்டியை மடித்துக் கட்டினார். "செருப்பக் கழட்டுங்க நர்சம்மா."

"ஐயோ, விழுந்துருவீங்கம்மா. இங்கயே இருங்க, டிராக்டருக்குச் சொல்லறேன்" என்றார் டிரைவர்.

"நீ சும்மா உக்காரு தம்பி, நான் பாத்துக்கிறேன்" என்றேன். அப்பாடா, வயிறு குளிர்ந்தது.

ஈரக் கரிசலில் செருப்புப் போட்டால் அடியில் மண் ஏறி ஏறி ஆளையே தூக்கிவிடும். வெறுங்காலோடு நடக்க வேண்டும். வண்டித் தடத்தில் கால் வைக்காமல், ஓரத்துப் புல்லை மிதித்து, சின்னச் சின்ன அடியாக, எங்கும் நிற்காமல் போக வேண்டும். தார் ரோட்டுக்குத் திரும்பி வர, அந்த நானூறு மீட்டருக்கு இருபத்தைந்து நிமிடம் ஆனது. அங்கே பதினைந்து நிமிடம் நின்றபின் பருத்தி லோடு ஏற்றிய சின்ன லாரி ஒன்று வந்தது.

"என்னய்யா இது கோலம்?" என்றார் ஓட்டிவந்தவர்.

"கல்யாணம்யா."

"யாருக்கு?"

"எனக்குத்தான்."

அவர் எங்கள் சேற்றுக் காலையும் மாலையையும் மாறி மாறிப் பார்த்தார். "அட, ஏறுங்க ஏறுங்க" என்று கதவைத் திறந்துவிட்டார். பதின்மூன்று கிலோமீட்டர், காசு வாங்க மறுத்துவிட்டார்.

11.30க்குக் கோயில் வாசலில் இறங்கினோம். ராஜாமணி உட்கார்ந்த இடத்தில் அப்படியே இருந்தாள். மகன் எங்களைக் கண்டதும் கத்தினான். "சேத்துல உருண்டு வந்துருக்காகளே, இதெல்லாம் தேவையா? யோசிக்கவே மாட்டியாம்மா நீ?"

அவள் குரலை உயர்த்தவில்லை. "இருபத்தஞ்சு வயசுல நீ மூணு மாசம் பழகுன பிள்ளையக் கூட்டியாந்து நின்னப்ப, யோசிச்சியான்னு கேட்டனா? மனசுக்குப் பிடிச்சிருக்குன்ன, சரின்னேன். நான் ரெண்டு வருசம் யோசிச்சிருக்கேன். ஒனக்கு வந்தா ஆசை, எனக்கு வந்தா புத்தி தடுமாத்தமா?"

அவன் கிளம்பிப் போகவில்லை. காரில் சாய்ந்துகொண்டு நின்றான்.

இனி, போகிறவர்களுக்கு. ஐப்பசி, கார்த்திகையில் இந்தப் பக்கம் தார் ரோட்டை விட்டு இறங்காதீர்கள், போன் என்ன சொன்னாலும் சரி. அருப்புக்கோட்டையிலேயே கழிவறை போய்விடுங்கள், தண்ணீரும் வாங்கிக்கொள்ளுங்கள். காரை டிராக்டர் வைத்து இழுக்க 800 ரூபாய் ஆனது. நானூறை நான் கொடுத்தேன். டிரைவர் வேண்டாம் என்றார். தெரிந்தும் சொல்லாமல் இருந்ததற்கு என் பங்கு அது என்று சொல்லி, கையில் திணித்தேன். நம் அனுபவத்தை மதிக்கவில்லை என்று ஊரைத் திட்டுகிறோமே, முதலில் நாம் அதை மதித்து வாயைத் திறக்க வேண்டாமா?

கல்யாணம் நடந்ததா என்றுதானே கேட்கிறீர்கள்? கந்தசாமி முதல் முடிச்சைப் போட்டார். மற்ற இரண்டும் மாப்பிள்ளையின் சகோதரி போட வேண்டியது. அந்த அம்மாளும் கோபித்துக்கொண்டு வரவில்லை. "யாராச்சும் வாங்கம்மா, நேரம் போகுது" என்றார் பூசாரி. நான் முன்னால் போனேன். என் கணவர் இறந்து ஏழு வருஷம், என் நெற்றியில் பொட்டில்லை. சாமி கும்பிட வந்திருந்த ஒரு பெண், தன் பக்கத்தில் நின்றவளிடம், "தாலி அறுத்தவுக தொடலாமா?" என்று முணுமுணுத்தாள்.

"கேட்டுச்சு தாயீ. கேட்டுட்டுத்தான் போடுறேன்" என்று சொல்லி, இரண்டு முடிச்சையும் இறுக்கிப் போட்டேன். மணி 11.43.